கையில் நிற்காத சோறு

என் அம்மாவுக்கு,

கிள்ளானில் அதே வீட்டிலிருந்து, அதே சாப்பாட்டு மேசையிலிருந்து சேகரு எழுதுகிறேன். நீ எங்கே இருந்தாலும் முதலில் கேட்கப் போவது "சாப்பிட்டியாய்யா?" என்றுதான். சாப்பிட்டேன் அம்மா. என் கையாலேயே சாப்பிட்டேன். பாதி வயிற்றுக்குள் போயிற்று, பாதி கைலியில் கிடக்கிறது. சிரிக்காதே.

நேற்று உனக்கு முதல் வருஷத் திதி. பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே நான்கு வரிக் கவிதை போடலாம் என்றார் உன் தம்பி, பிரிக்பீல்ட்ஸ் மாமா. எல்லோரும் போடுகிறார்கள்தான். ஆனால் "அன்பின் சிகரமே, பாசத்தின் விளக்கே" என்று யாரோ எழுதி வைத்ததை உன் படத்துக்குக் கீழே ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. நீ சிகரமும் இல்லை, விளக்கும் இல்லை. வாயாடி. பிடிவாதக்காரி. அதனால் கவிதைக்குப் பதில் இந்தக் கடிதம். ஊரே படித்தாலும் பரவாயில்லை. இதில் உன்மேல் எனக்கு இருந்த கோபமும் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று மோரிப் கடற்கரையில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக முடியவில்லை. நீ ஒரு கதை சொன்னால் பாசாரில் மீன் வாங்கியதிலிருந்து ஆரம்பிப்பாயே, அந்த மாதிரி நானும் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும்.

அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் எங்கே போகும்! சன்னல் கண்ணாடிப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்பக்கக் குழாயடியில் சோப்புப் போட்டு நீ கழுவினாய். நான் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். நம் வரிசையில் எல்லா வீட்டிலும் அன்றைக்கு அதே வேலைதான். ஈரம் காயாத ஒரு பலகை என் கையிலிருந்து வழுக்கியது. போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கண்ணாடி உடைந்தால் நீ தீபாவளி முடிகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவாயே என்று பாய்ந்து பிடித்தேன். வலது உள்ளங்கையும் விரல்களும் சேருகிற இடத்தில் ஒரே இழு.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தப்பித்தன. மற்ற மூன்றும் அந்த நிமிஷத்திலிருந்து என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே விரலை மடக்குகிற தசைநார்கள் அறுந்துவிட்டன என்றார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் தைத்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். நீ வராந்தாவில் உட்கார்ந்து, "நான்தானே சன்னலைக் கழட்டச் சொன்னேன், நான்தானே கழட்டச் சொன்னேன்" என்று போகிற வருகிற நர்ஸ் மிஸ்ஸிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாயாம். மாமா பிறகு சொன்னார்.

கட்டுப் பிரித்த பிறகு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த அறையில் சல்மா என்று ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தார். காக் சல்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், நாம் அக்கா என்கிற மாதிரி. நீ வெளியே பெஞ்சில். அவர் என் விரலைப் பிடித்து மெல்ல மடக்கினார். "சிகிட் லாகி, டிக். சிகிட் லாகி." இன்னும் கொஞ்சம் தம்பி, இன்னும் கொஞ்சம். நான் கத்தின கத்து மருந்துக் கவுண்டர்வரை கேட்டிருக்கும்.

கதவு திறந்தது. நீ உள்ளே வந்தாய். வந்தாயா, பாய்ந்தாயா?

"அடிப்பாவி! என் புள்ளை கைய ஒடிக்கிறாளே!" அவர் புறங்கையில் ஓங்கி ஒரு அடி. "தைச்ச காயம் பிரிஞ்சா யாரு வந்து தைப்பா? உங்கப்பனா?" காக் சல்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரியாமல் இருக்குமா? நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாய். பஸ்ஸில் கிள்ளான் பாலம் தாண்டி வீடு வரும்வரைக்கும் என் கையை உன் மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாய்.

அதற்கப்புறம் அந்தப் பக்கமே நாம் போகவில்லை. "ஆறுற புண்ணைப் போயி யாராவது கிளறுவாங்களா? அதுக்கு ஒரு ஆஸ்பத்திரி, அதுக்கு ஒரு யூனிபார்ம்!" இதுதான் உன் தீர்ப்பு. உன் தீர்ப்புக்கு மேல் அப்பீல் ஏது? நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவினாய். உன் பழைய நூல் சேலையைக் கிழித்து மெத்தென்று கட்டுப் போட்டாய். கட்டு இறுகினால் எனக்கு வலிக்கும் என்று நிதம் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாய். "அசைக்காதய்யா. அசையாம வச்சிருந்தாத்தான் ஆறும்."

சோறும் நீதான் ஊட்டினாய். ஆபீசில் கிராணி வேலை பார்க்கிற, மீசை வைத்த பையனுக்கு! குழம்பை ஊற்றிப் பிசைந்து, விரல்களுக்குள் உருட்டி, கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தி வாய்க்குள் தள்ளுவாய். உன் உருண்டை ஒரு பருக்கை சிந்தாது. பக்கத்து வீட்டு மேரியக்கா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கேலி பண்ணினார்.

"என்னா சேகரு, பொண்ணு பாக்குற வயசுல அம்மா ஊட்டுறாங்களா? கட்டிக்கப் போறவ ஓடிடுவா லா!"

"ஓடுறவ ஓடட்டும் மேரி," என்றாய் நீ. "கை நல்லா இருக்கறவளாப் பார்த்துக் கட்டி வைக்கிறேன். அவ ஊட்டட்டும்."

எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது அம்மா. யாருக்கு இருக்காது? சாயங்காலம் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு வாயை மட்டும் திறந்தால் போதும். ஆபீசில் ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் பேனா பிடிக்கப் போதுமானதாக இருந்தன. மற்ற மூன்றும் பாதி வளைந்தபடி நின்றன, நீட்டினால் நீளாது, மடக்கினால் மடங்காது. "முதல்ல காயம் ஆறட்டும், விரல் தன்னால வரும்" என்றாய். காயமும் ஆறியது. எவ்வளவு அழகாக ஆறியது! தழும்பு ஒரு மெல்லிய கோடாக மூடிக்கொண்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் கையைத் திருப்பிக் காட்டுவாய். "பாத்தியா, தையல் போட்ட இடமே தெரியலை. கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டு இல்ல பாத்துக்கிட்டேன்!"

வெளியே தெரியாத தழும்பு உள்ளே என்ன பண்ணிக்கொண்டிருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் எப்படித் தெரியும்?

பிறகு அந்தக் காலை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். "நெஞ்சுல என்னமோ பண்ணுதுய்யா" என்றாய். ஆம்புலன்சில் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டேன் என்று எழுதுகிறேன், பிடிக்கவில்லை. இரண்டு விரல்தான் உன் கையைச் சுற்றின. மற்ற மூன்றும் மரக்கட்டை மாதிரி நின்றன. நான் எவ்வளவு முயற்சி பண்ணியும் அவை உன் கையை மூடவில்லை. இடது கையால் பிடித்திருக்கலாம் என்பது நீ போன பிறகுதான் தோன்றியது.

பதினாறாம் நாள் காரியம் மோரிப்பில். குருக்கள் எள்ளுப் போட்ட சோற்றை வாழையிலையில் வைத்து, "தம்பி, வலது கையால அள்ளிப் பிண்டம் பிடிங்க" என்றார். அள்ளினேன். மூன்று விரலுக்கும் அடியில் சோறு பொலபொலவென்று கொட்டியது. திரும்ப அள்ளினேன், திரும்பக் கொட்டியது. பின்னால் சொந்தக்காரர்கள் எல்லாம் நிற்கிறார்கள். இடது கையைக் கொண்டுபோனேன். "அது ஆகாது தம்பி" என்றார் குருக்கள். கடைசியில் மாமா வந்து என் பக்கத்தில் மண்டியிட்டு, தன் கையை என் கைக்கு மேலே போட்டு அழுத்தி உருட்டினார். உனக்கு நான் ஒரே பிள்ளை. என் பெயரைச் சொல்லி மாமாதான் பிடித்தார். மாதக்கணக்கில் எனக்குச் சோறு உருட்டிப் போட்டவளுக்குத் திருப்பி ஒரு உருண்டை உருட்ட எனக்குக் கை இல்லை. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கே எட்டவில்லை.

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். அடுத்த திதிக்குள் இந்தக் கை மூட வேண்டும். உனக்கு நானே பிடித்துப் போட வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகக் கோலாலம்பூரில் கை ஆப்பரேஷன் செய்கிற ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆமாம் என்பதற்கு ஓம் என்பார். என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். உன் அழகான தழும்பையும் பார்த்தார்.

"நார் நல்லாத்தான் சேர்ந்திருக்கு தம்பி. ஆனா சுத்தி இருக்கிற தழும்புல ஒட்டிக்கிட்டு நகர முடியாம நிக்குது. தைச்ச பிறகு விரலை அசைச்சுக்கிட்டே இருந்திருக்கணும். பயிற்சிக்குப் போகலையா?"

"போனேன் டாக்டர்."

"ஏன் விட்டீங்க?"

"பஸ் சரியா இல்லை டாக்டர்."

கிள்ளானில் பஸ்ஸுக்கா பஞ்சம்? அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை அம்மா. ஆனால் வெளியே வந்ததும் எல்லாக் கோபமும் மாமாமேல் பாய்ந்தது. "கேட்டீங்களா மாமா? அசைச்சிருக்கணுமாம். அம்மா அசைக்கவே விடலை!"

"செத்துப்போனவளை இழுக்காதடா. என் அக்கா உனக்குக் கெடுதலா பண்ணுவா?"

"கெடுதல் பண்ணலை மாமா. அதான் பிரச்சினையே."

உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். செத்தவள்மேல் கோபப்பட்டு என்ன பண்ணுவது? படத்தைப் பார்த்து முறைத்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். மாலையை மாற்றிவிட்டு மறுபடியும் முறைத்தேன்.

ஒட்டிக்கொண்ட நாரைப் பிரித்துவிடுகிற ஆப்பரேஷன் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆனால் முதலிலேயே எச்சரித்தார். "ஓம், செய்யலாம். ஆனா அது பாதிதான். மறுநாளே அசைக்கத் தொடங்கணும். வலிக்குதுன்னு விட்டா மறுபடியும் ஒட்டிடும். முன்னைவிட மோசமாவும் ஒட்டலாம். யோசிச்சுச் சொல்லுங்க." யோசிக்க என்ன இருக்கிறது?

மயக்கம் கொடுக்கவில்லை அம்மா. கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். நார் விடுபட்டதா இல்லையா என்று நானே விரலை மடக்கிக் காட்ட வேண்டுமாம். உனக்கு அடிப்பிடித்த சோற்றுப்பானை ஞாபகம் இருக்கிறதா? கரண்டியால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சுரண்டி எடுப்பாய். டாக்டரம்மா வெகுநேரம் அப்படித்தான் பொறுமையாக வேலை பார்த்தார். மேல்கையில் இறுக்கிக் கட்டியிருந்த பட்டைதான் உயிரை எடுத்தது. பிறகு சொன்னார்: "இப்ப மடக்குங்க தம்பி."

மடக்கினேன். மூன்று விரலும் வந்தன அம்மா! சுண்டு விரலும்கூட. மடங்கி மடங்கி வந்து உள்ளங்கையைத் தொட்டு நின்றன. யாருடைய கையோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"வலிக்குதா?" என்றார்.

"இல்லை டாக்டர். எங்கம்மாவைக் கூப்பிட்டேன்."

முகமூடிக்கு மேலே அவர் கண் சிரித்தது. அந்த ஒரு நிமிஷத்துக்கு நீ இருந்திருக்க வேண்டும். உன்னைத் திட்டுவதா, உன் கையைப் பிடித்துக் காட்டுவதா என்று தெரியாமல் அந்த மேசையில் படுத்துக் கிடந்தேன்.

மறுநாளே அந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தார்கள். சில நாளில், மிச்சப் பயிற்சியைக் கிள்ளானிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதே அறை, அதே காக் சல்மா. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முதலில் என் கையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்.

"அம்மா வரலையா?" என்று மலாயில் கேட்டார்.

இல்லை, தவறிவிட்டார் என்றேன். தன் புறங்கையைக் காட்டினார். "இங்கேதான் அடிச்சாங்க. நல்ல அடி." சிரித்தார். "அம்மாமார் நிறையப் பேர் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. சொல்லாமலே நின்னுடுவாங்க. என்னை அடிச்சிட்டுப் போனது உங்கம்மா ஒருத்தர்தான்." அதில் உனக்கு என்ன பெருமை என்று தெரியவில்லை, ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமா வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து தங்கினார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவருக்கு வேறு என்ன வேலை? நிதம் என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்காருவார், நீ உட்கார்ந்த அதே பெஞ்சில். அவர் முகம் உன் முகம்தானே. அதே மூக்கு, அழுகை வந்தால் அதே மாதிரி உதட்டைக் கடிப்பது. உள்ளே "சிகிட் லாகி, சிகிட் லாகி" என்று காக் சல்மா மடக்குவார். நான் கத்துவேன். கதவில் சின்னக் கண்ணாடி இருக்கிறதே, அதில் மாமா முகம் வரும். கைப்பிடியில் கை வைப்பார். திறக்க மாட்டார். திரும்பப் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் காக் சல்மாவே அவரைக் கூப்பிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நீ பிடித்து இழுத்த அதே மணிக்கட்டு. மாமா பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, "முருகா, பத்துமலை முருகா" என்று முடிகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்து குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

வீட்டில் நான் என் கையாலேயே சாப்பிட வேண்டும், அதுவும் பயிற்சிதான். சாப்பாடா அது, போர். சோறு தட்டிலிருந்து கிளம்பும், வாய்க்கு வராது. மாமா பார்க்காத மாதிரி பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஒருநாள் வலி தாங்கவில்லை, வீக்கம் வேறு. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மாமா என் தட்டைத் தன் பக்கம் இழுத்தார், பிசைந்தார், உருட்டினார், வாய்க்கு நேரே நீட்டினார். அந்த விரல் நீட்டின விதம் அப்படியே நீ அம்மா. நான் வாயைத் திறந்துவிட்டேன். இரண்டு தடிமாடுகளும் மேசையில் உட்கார்ந்து அழுதோம்.

"நாளையிலேருந்து வேணாம் மாமா," என்றேன்.

"சரிடா. இன்னிக்கு மட்டும்," என்றார்.

அதற்கப்புறம் அவர் ஊட்டவே இல்லை. நான் ஒருநாளும் பயிற்சியை நிறுத்தவில்லை. மழையிலும் போனேன், காய்ச்சலிலும் போனேன். பஸ்ஸில், ஆபீசில், உன் படத்துக்கு முன்னால், எங்கே நின்றாலும் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தேன். மேரியக்காகூட, "யாரைக் கூப்பிடுற சேகரு, கையக் கையக் காட்டி?" என்று கேட்டார்.

ஆனாலும் விரல் மடங்குவது குறைந்துகொண்டே வந்தது. காக் சல்மா ஒரு ஸ்கேலை வைத்து விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பார். நடு விரல் நெருங்கி வந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் முதலில் வந்தன, பிறகு நின்றன, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போக ஆரம்பித்தன. ஒருநாள் அவர் அளந்துவிட்டு எண்ணைச் சொல்லாமல் ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் போனோம். அழுத்திப் பார்த்தார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். "நடு விரல் தப்பிச்சுது. மத்த ரெண்டும் மறுபடி ஒட்டிக்கிட்டு வருது தம்பி."

"நான் ஒருநாள்கூட விடலையே டாக்டர்!"

"தெரியும். சல்மா சொன்னாங்க. சிலருக்கு உடம்பே அப்படி. தழும்பு நிறையப் போடும். நாம என்ன செய்தாலும் போடும்."

"அப்ப, முதல்லயே, நான் பயிற்சிய விடாம இருந்திருந்தாலும் ஒட்டியிருக்குமா டாக்டர்?"

அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பஸ் கதையை அவர் மறக்கவில்லை போல. "அதை யாராலும் சொல்ல முடியாது தம்பி. ஒட்டாமலும் இருந்திருக்கலாம். ஒட்டியும் இருக்கலாம்."

பார்த்தாயா அம்மா? உன்மேல் கோபப்படவாவது முடிந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் நடமாடினேன். அம்மா கதவைத் திறந்ததால்தான் இப்படி என்று ஒரு காரணம் இருந்தது. இந்தத் தடவை நான் கதவைத் திறந்து ஓடவில்லை, மாமாவும் திறக்கவில்லை, இருந்தும் இப்படி. நீ குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இனி யாரை முறைப்பது?

மறுபடி திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். இன்னொரு தரம் திறந்தால் நார் அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு என்றார். "இப்ப இருக்கிறதைக் காப்பாத்துங்க. பயிற்சிய விட்டா இருக்கிறதும் போயிடும்." அவ்வளவுதான். ஒரு படித்த, நல்ல மனுஷி கையை விரிக்கும்போது நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

அதற்குள் உன் திதி வந்துவிட்டது.

நேற்று விடியற்காலையில் மாமா சோறு வடித்தார். பானையை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் முன்னால் உட்கார்ந்தார். தெலுக் பங்லிமா காராங் தாண்டும்போது தொழிற்சாலைப் பஸ்கள் வரிசையாக நின்றன, வேலைக்குப் போகிற பெண்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். மாமா வழியெல்லாம் என் கையைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதே குருக்கள். தர்ப்பைப் பவித்திரத்தை என் மோதிர விரலில் போட்டார். மடங்காத விரலில் அது சுலபமாக ஏறியது.

"தம்பி, மாமாவைத் தொட்டுக்கச் சொல்லட்டுமா?" என்றார் மெதுவாக.

"வேணாம் சாமி. நானே பிடிக்கிறேன்."

அள்ளினேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மூன்றும் சோற்றைப் பிடித்தன. மற்ற இரண்டும் தனியாக நின்றன. அந்தப் பக்கமாகச் சோறும் எள்ளும் வழிந்தன. திரும்பச் சேர்த்து அள்ளினேன். இடது கை தானாக எழுந்து வந்தது, குருக்கள் தலையை ஆட்டினார், கீழே போட்டேன். மணலில் மாமா காலடி எடுத்து வைக்கிற சத்தம் பின்னால் கேட்டது.

"மாமா, வராதீங்க."

நின்றுவிட்டார். குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நான் காக் சல்மா மடக்குகிற மாதிரி, என் இரண்டு விரலையும் மனசாலேயே போட்டு மடக்கினேன். சிகிட் லாகி. சிகிட் லாகி. அவை நின்ற இடத்திலேயே நின்றன. கடைசியில் என் கையில் இருந்தது உருண்டை இல்லை அம்மா. ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் உதிர்ந்து, என்னமோ ஒன்று. இலையில் வைத்தேன். வைத்ததும் இரண்டாகப் பிளந்துவிட்டது.

குருக்கள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "போதும் தம்பி," என்றார். "அம்மா எடுத்துக்குவாங்க."

இலையோடு கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டேன். அலை வருவதற்கு முன்னாலேயே சோறு கலைந்து பரவிவிட்டது. அது உனக்கு வந்து சேர்ந்ததா? சிந்தினதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா அங்கே? யாரிடம் கேட்பது?

திரும்பி வரும்போது, பாந்திங் தாண்டின பிறகு, மாமா காலிப் பானையைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"சின்னதுல அக்கா உனக்கு ஊட்டறப்ப நீ பாதியத் துப்பிடுவடா. எங்கேயாவது ஓடிடுவ. அவ அந்தச் சிந்துனதத்தான் பொறுக்கித் தின்னுட்டுப் படுப்பா. வேற சோறு போட்டுக்க மாட்டா."

ஏன் மாமா இதை முன்னாடியே சொல்லவில்லை என்று சண்டை போட வாய் வந்தது. அதற்குப் பதில் டிரைவரிடம் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

அவ்வளவுதான் அம்மா. நடந்ததைச் சொல்லிவிட்டேன். அடுத்த திதிக்கு முழு உருண்டையாகப் பிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க ஆசைதான். அப்படி ஒரு வாக்கை நான் கொடுக்க முடியாது, டாக்டரம்மாவாலேயே முடியவில்லை. என்னால் கொடுக்க முடிந்தது ஒன்றுதான். நாளைக்கும் பயிற்சிக்குப் போவேன். காக் சல்மா மடக்குவார். பாதியில் எழுந்து வர மாட்டேன்.

கத்துவேன். உனக்குக் கேட்கும். கேட்டதும் ஓடி வராதே. வெளியே பெஞ்சில் மாமா பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்திரு.

இல்லை, இருக்க மாட்டாய். எனக்குத் தெரியாதா உன்னை? சரி, வா. கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொள். என் கையை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடாதே அம்மா. நீ இழுத்தால் நான் வந்துவிடுவேன்.

இன்னும் சிந்திச் சிந்தியே சாப்பிடுகிற,
உன் ஒரே பிள்ளை,
சேகரு